பேச்சியம்மாள் அடித்த கற்பூரம்

பேச்சியம்மாள் ஊரை ஏமாற்றியவள் என்று எங்கள் தோட்டத்தில் இன்னும் சிலர் பேசிக்கொள்கிறார்கள். போன மாதம் பெக்கோக் தோட்டத்தில் அவள் இறந்துபோனாள் என்று ஆள் வந்து சொன்னபோது, "யாரு, அந்தப் பொய்ச்சாமியா?" என்று கேட்டாள் ஒருத்தி. கேட்டவள் பிள்ளை பெற்று முப்பது நாள் வீட்டில் படுத்து எழுந்தவள். அந்த முப்பது நாளை யார் வாங்கிக் கொடுத்தது என்பது அவளுக்கு மறந்தே போய்விட்டது. எனக்கு வந்த கோபத்தில் வாயில் ஒரு வார்த்தையும் வரவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத இன்னொரு காரணமும் உண்டு, அது கடைசியில் தெரியும்.

என் பெயர் யோகம். அக்கா செல்லப்பாக்கியத்தின் பேறுகாலத்துக்குத் துணையாக 1929இல் யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்கு, காஹாங் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்கு வந்தேன். திரும்பிப் போகவில்லை. அத்தான் சோமசேகரம் அங்கே பெரிய கிராணி. ஆபீசில் வெள்ளைக்காரத் துரைக்கு அடுத்த நாற்காலி அவருடையது. துரையிடம் எந்தக் காகிதம் போக வேண்டுமானாலும் அத்தான் கைவழியாகத்தான் போகும். அவர் நல்ல மனிதர். பொய் சொல்ல மாட்டார், ஒரு சொட்டுக் கள் தொட மாட்டார், வெள்ளிக்கிழமை தேவாரம் பாடாமல் சாப்பிட மாட்டார். இவ்வளவு நல்ல மனிதரால் என்னென்ன நடக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

பேச்சியம்மாள் 1913இல் புருஷனோடு கப்பலேறி வந்தவள். காட்டை அழித்து ரப்பர் நட்ட காலம் அது. வாரத்துக்கு இரண்டு பேரைக் காய்ச்சலில் புதைத்தார்களாம். நான்காம் வருஷம் அவள் புருஷனும் போனான். பிள்ளை தங்கவில்லை. மறுகல்யாணத்துக்கு ஆள் வந்தும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கூலிக்காரர்கள் குடியிருந்த லயத்தின் கடைசி வீட்டில் தனியாக இருந்துகொண்டு ரப்பர் மரத்தில் பால் வெட்டினாள். ஒல்லியான உடம்பு, கரகரத்த குரல், வெற்றிலை போட்டுப் போட்டுக் கறுத்த பல். பார்த்தால் யாரும் இரண்டாம் தடவை திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

சாமி முதன்முதல் அவள்மேல் வந்தது 1919 ஆடியில். அந்த வருஷம் ஐந்து நாள் பச்சைப்பிள்ளைக்காரி ஒருத்தியைக் கங்காணி மணியம் விடிகாலைப் பெரட்டுக்கு இழுத்து வந்து, பெயர் கூப்பிட்டு முடியும்வரை மழையில் நிற்க வைத்தான். அவள் விழுந்தாள். பிள்ளை இரண்டு நாளில் செத்தது. மணியத்தை யார் கேட்பது? ஊரிலிருந்து ஆட்களைக் கூட்டி வந்தவன் அவன். வேலை கொடுப்பதும் எடுப்பதும் அவன். கோயிலில் முதல் மரியாதையும் அவனுக்கே. அவன் எதிரே தலைத்துண்டை எடுக்காமல் ஒருவரும் நின்றதில்லை.

அந்த ஆடித் திருவிழாவில், அத்தாப்பு ஓலை வேய்ந்த மாரியம்மன் கொட்டகைக்கு முன்னால், இந்தப் பேச்சியம்மாள் நடுங்க ஆரம்பித்தாள். தலைமுடி அவிழ்ந்தது. "டேய் மணியம்!" என்றாள். கூட்டமே மூச்சை அடக்கிக்கொண்டதாம். "பச்சைப்பிள்ளைக்காரியைப் பெரட்டுக்குக் கூப்புடுவியாடா? முப்பது நாள் அவ எம் மடியில இருக்கணும். கூப்புட்டா ஒன் வம்சம் வெளங்காது, சொல்லிட்டேன்!" மணியம் கைகூப்பினான். "சரி தாயே, சரி தாயே" என்றான். அன்றிலிருந்து முப்பது நாள் வந்தது. சட்டமோ துரையோ கொடுத்ததல்ல அது.

அப்புறம் வருஷா வருஷம் ஏதாவது ஒன்று நடக்கும். பெண்கள் குளிக்கும் ஆற்றுத்துறைக்கு மறைப்பு கட்டச் சொன்னாள் அம்மன். பெண்சாதியின் ஒரே நல்ல புடவையைத் திருடி வேறொருத்திக்குக் கொடுத்தவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, அதே புடவையை அவனையே துவைத்துக் கொண்டுவந்து கொடுக்க வைத்தாள். ஆடி பிறந்தால் லயத்து ஆண்கள் முகம் வெளிறிவிடும் என்று பெண்கள் என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள்.

அம்மனுக்கு இதெல்லாம் எப்படித் தெரிந்தது? அதற்கு ஒரு வழி இருந்தது. திருவிழாவுக்கு ஒன்பது நாள் முன்னால் முளைப்பாரி போடுவார்கள். சட்டியில் எருவும் மண்ணும் நிரப்பி நவதானியம் தூவி, வெளிச்சம் படாத ஒரு கொட்டகையில் வைத்துத் தண்ணீர் தெளித்து வளர்ப்பது. அந்தக் கொட்டகைக்குள் ஆம்பிளை காலடி வைக்கக் கூடாது. கங்காணியானாலும் சரி, துரையானாலும் சரி. சாயங்காலம் பெண்கள் மட்டும் கூடிக் கும்மி கொட்டுவார்கள், பிறகு பேசுவார்கள். வருஷம் முழுக்க யாரிடமும் சொல்லாததை அங்கே சொல்லி அழுவார்கள். பேச்சியம்மாள் ஒரு மூலையில் உட்கார்ந்து வெற்றிலை மென்றபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பாள். ஒன்பதாம் நாள் அம்மன் வந்து பேசும்.

நான் படித்தவளாயிற்றே, இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரே வருஷம் போதுமாக இருந்தது. ஏதோ பெரிய மோசடியைப் பிடித்துவிட்ட மாதிரி எனக்குப் பெருமை.

1931இல் ரப்பர் விலை அடியோடு விழுந்தது. தோட்டங்களில் ஆளைக் குறைத்து, குறைத்தவர்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். யார் போவது, யார் இருப்பது என்ற பட்டியலை மணியம்தான் எழுதினான். அதே வருஷம்தான் எங்கள் தோட்டத்தில் சீர்திருத்தச் சங்கமும் பிறந்தது. தலைவர் அத்தான். ஆடு வெட்டக் கூடாது, கள் குடிக்கக் கூடாது, சாமியாடக் கூடாது, பெண்களும் எழுதப் படிக்க வேண்டும் என்று நான்கு கொள்கை. மாதர் பகுதிக்குக் காரியதரிசி நான். அதுவரை தோட்டத்துப் பெண்களை "நீ" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள், சங்கத்தில் சேர்ந்த அன்றே "நீங்கள்" என்று மாற்றிக்கொண்டேன். அதுவே பெரிய சீர்திருத்தம் என்று எனக்கு ஒரு நினைப்பு. மணியமும் சங்கத்தில் சேர்ந்தான். உபதலைவர் பதவி கொடுத்தோம். திருந்திவிட்டான் என்று அத்தான் கண்கலங்கினார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

ஆடிக்கு முன்னால் ஒருநாள் மத்தியானம் பேச்சியம்மாள் எங்கள் வீட்டுப் பின்கட்டுக்கு வந்தாள். வெட்டு முடிந்து நேரே வந்திருந்தாள், கையில் பால் பிசுக்கு.

"சின்னம்மா, கிருஷ்ணம்மா மகள் தனலெட்சுமியத் தெரியும்ல?"

தெரியும். என்னிடம் எழுத்துப் படிக்க வருகிறவள். பதினாலு வயது. சத்தமாகச் சிரித்தால் வாயைப் பொத்திக்கொள்வாள்.

"கங்காணி அவளை ரெண்டாந்தாரமா கேக்குறான். குடுக்கலேன்னா குடும்பத்துப் பேரு கப்பல் பட்டியல்ல ஏறும்ங்கிறான். அவ அப்பன் தங்கராஜுக்கு மண்ணீரல் வீங்கிக் கெடக்கு, கப்பல்லயே செத்துருவான். கிருஷ்ணம்மா முளைப்பாரி வரைக்கும்கூடப் பொறுக்க மாட்டாம எங்கிட்ட வந்து அழுவுறா. இந்த ஆடியில அம்மன் கேக்கும். ஆனா சங்கத்துல சாமியாடக் கூடாதுன்னு சொல்லிட்டீங்களாம். அதான் கேக்க வந்தேன்."

நான் அத்தானிடம் போனேன். தோட்டத்தில் இதைத் தடுக்கக்கூடியவர் துரை ஒருவர்தான். துரையிடம் மனு வைக்கக்கூடியவர் அத்தான். அத்தான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பிள்ளையின்ர விஷயம் பாவம்தான். ஆனா சாமியாடுற பொம்பிளையின்ர மனுவை நான் துரைக்கு முன்னால வைக்கேலாது. சிரிப்பார். முதல்ல அவ அதை விட்டுட்டன் எண்டு சபையில சொல்லட்டும். பிறகு சங்கத்தின்ர பேரில மனுவை வைக்கிறன்."

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. பேச்சியம்மாளிடம் போய் அரைமணி நேரம் பேசினேன். "அம்மன்ர வாக்கை மனுவில எழுதேலாது. உங்கட பேரை எழுதலாம். அம்மன் வருஷத்துக்கு ஒரு நாள்தான் கேக்கும். நீங்கள் உங்கட சொந்த வாயால கேட்டா எந்த நாளும் கேக்கலாம். யோசிச்சுப் பாருங்கோ" என்றேன். அப்படி நான் பேசுவதைக் கேட்டு எனக்கே சிலிர்த்தது.

அவள் நகத்திலிருந்த ரப்பர் பாலை உரித்துக்கொண்டே கேட்டாள். "சபையில என்ன சொல்லணும்?"

"அம்மன் வரேல்லை, எல்லாம் நடிப்பு எண்டு."

"அது நெசம் இல்லியே சின்னம்மா." கோபமில்லாமல்தான் சொன்னாள். "வர்றது நெசம். ஒடம்பு என் கையில இருக்காது. என்ன சொல்லணும்ங்கிறது எனக்கு மொதல்லயே தெரியும், அதுவும் நெசம். ரெண்டையும் சொல்லவா?"

"ரெண்டையும் சொன்னா சனம் குழம்பிப்போகும். நடிப்பு எண்டே சொல்லுங்கோ."

உண்மைக்காகச் சங்கம் வைத்தவள் நான். ஒரு பெண்ணை உட்கார்த்தி வைத்துப் பொய் சொல்லப் பழக்கிக்கொண்டிருக்கிறேன் என்பது அன்று என் புத்தியில் ஏறவேயில்லை. அவள் உரித்த பாலைச் சுருட்டி வாசலில் எறிந்தாள். பிறகு, "புள்ளை தப்பிச்சாச் சரி" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பகல் கோயிலுக்கு முன்னால் சபை கூடியது. பேச்சியம்மாள் எழுந்து, நான் சொல்லிக்கொடுத்ததை அப்படியே சொன்னாள். "பன்னண்டு வருசமா அம்மன் வரல. நாந்தான் பேசினேன்." மணியம் உடனே எழுந்து, "வெறும் வாயால சொன்னா ஆச்சா? கற்பூரம் அடிச்சுச் சத்தியம் பண்ணட்டும்" என்றான். கற்பூரத்தை ஏற்றி வைத்தார்கள். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, அம்மன்மேல் சத்தியம் செய்தாள், அம்மன் வரவில்லை என்று. அம்மனை நம்பக் கூடாது என்கிற சங்கம், அம்மன் பேரில் சத்தியம் வாங்கிய கூத்தை எண்ணிச் சிரிக்க அங்கே ஒருவரும் இல்லை. நானும் கைதட்டினேன்.

அவள் உட்காரவில்லை. "இப்ப என் சொந்த வாயால சொல்றேன்" என்று கிருஷ்ணம்மா மகள் விஷயத்தை ஆரம்பித்தாள். மணியம் அவளை முழுக்கப் பேச விட்டான். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினான்.

"பன்னண்டு வருசம் அம்மன் பேருல பொய் சொன்னேன்னு அவளே கற்பூரம் அடிச்சிட்டா. எல்லாரும் கேட்டீங்கள்ல? அப்ப இன்னைக்குச் சொல்றது மட்டும் எப்படிங்க நெசமாகும்?"

ஆண்கள் சிரித்தார்கள். அதை அவள் தாங்கியிருப்பாள். பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி எழுந்து, "எம் புள்ள கண்ணு மூடையில நீ பூசின திருநீறும் நடிப்பாடி?" என்று கத்தினாள். இன்னொருத்தி மண்ணை வாரி வீசினாள். முளைப்பாரிக் கொட்டகையில் அவள் தோளில் சாய்ந்து அழுதவர்கள் அவர்கள். பேச்சியம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அத்தானைப் பார்த்தேன். அத்தான், "நம்பகமான சாட்சி இல்லாமல் மனு வைக்கேலாது" என்று குனிந்துகொண்டு சொன்னார். கிருஷ்ணம்மாவோ பட்டியலுக்குப் பயந்து வாயே திறக்கவில்லை.

அன்றைக்கே ஒரு தீர்மானம் நிறைவேறியது. சாமியாடுதல் ஏமாற்று என்றும், அவ்விதம் ஆடுகிறவர் சொல்லை இனி எவரும் ஏற்கக் கூடாது என்றும். என் எழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று என்னையே எழுதச் சொன்னார்கள். கண்ணாடி போட்டுக் கோயில் தூணில் மாட்டினார்கள்.

ஆவணியில் மணியம் தனலெட்சுமிக்குத் தாலி கட்டினான். சுயமரியாதைக் கல்யாணம் மாதிரி ஐயர் இல்லாமல், அத்தான் தலைமையில். அடுத்த வைகாசியில் தங்கராஜையும் கிருஷ்ணம்மாவையும் கப்பலேற்றியும் விட்டான். பெண்ணைக் கொடுத்தால் பெயரை ஏற்ற மாட்டேன் என்று சொன்னவன், பெண்ணையும் வாங்கிக்கொண்டு பெயரையும் ஏற்றினான். அந்தப் பெண் லயத்து வாசலில் நின்று, தாயும் தகப்பனும் ஏறிய லாரி செம்மண் ரோட்டில் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து என்னிடம் படிக்க வரவில்லை.

பேச்சியம்மாளிடம் யாரும் பேசுவதில்லை. முளைப்பாரிக்கு அவள் தூவிய சட்டியை வெளியே தூக்கி வைத்தார்கள். நான் மட்டும் சில நாள் போய் அவள் வாசலில் உட்காருவேன். என்னைத் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை, வெற்றிலை எடுத்துக் கொடுத்தாள்.

1932 ஆடித் திருவிழா. சங்கத்து முறைப்படி ஆடு இல்லை, உடுக்கு இல்லை, அத்தான் தேவாரம் பாடினார். பகல் பூசை முடியும் சமயம், பெண்கள் நடுவே ஒரு சத்தம் கேட்டது. தனலெட்சுமி. பதினைந்து வயது, வயிற்றில் ஐந்து மாதம். தலைமுடி அவிழ்ந்து, கண் மேலே செருகி, உடம்பு முழுக்க உதறியது. "டேய் மணியம்!" என்றாள். பேச்சியம்மாளின் அதே கரகரப்பு அந்தச் சின்னத் தொண்டையில்.

சாமி வந்தால் யாராவது ஒருவர் எதிரே நின்று கேட்க வேண்டும். யார் வந்திருக்கிறது, என்ன வேண்டும் என்று. கேட்க ஆளில்லை என்றால் சாமி பேசாது, ஆடிக் களைத்து விழுந்துவிடும். தீர்மானத்துக்குப் பயந்து ஒருவரும் நகரவில்லை. அப்போது கூட்டத்தின் கடைசியிலிருந்து பேச்சியம்மாள் வந்தாள். நடிப்பு என்று கற்பூரம் அடித்த அதே பேச்சியம்மாள். வேப்பிலையை ஒடித்து அந்தப் பெண்ணின் கையில் கொடுத்து, கைகூப்பி, "தாயே, யாரு வந்திருக்கே? என்ன வேணும், சொல்லு" என்றாள்.

"இந்தப் புள்ளையத் தொடாதே. அடுத்த கப்பல்ல இவளை இவ ஆத்தாகிட்ட அனுப்பு. அனுப்பலேன்னா இந்த வாசல்லயே கெடப்பேன்!"

அடுத்த கப்பலுக்கு ஆட்கள் கிளம்ப இன்னும் ஆறு நாள் இருந்தது. நான் மணியத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முகம் செத்துப்போயிருந்தது. பன்னிரண்டு வருஷப் பழக்கம், அவன் இரண்டு கையும் தானாக நெஞ்சுக்கு நேரே வந்து சேர்ந்துவிட்டன. வாயைத் திறந்தான். ‘சரி தாயே’ என்று வரப்போகிறது என்று நினைத்தேன்.

அதற்குள் சங்கத்து ஆள் ஒருவன், "தீர்மானம் இருக்கே! இதெல்லாம் ஏமாத்து" என்று தூணைக் காட்டினான். கண்ணாடிக்குள் என் முத்து முத்தான எழுத்து. கூட்டம் இரண்டாகப் பிரிந்து இரைந்தது. அத்தானுக்கு வேர்த்துவிட்டது. அந்தப் பெண்ணை விடுவிக்க அவருக்கும் மனசிருந்தது, அவர் தேடியது ஒரு சாக்குத்தான் என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன். என் பக்கம் திரும்பினார்.

"யோகம், உன்னட்டப் படிச்ச பிள்ளை. நீ பாத்துச் சொல்லு. இது நடிப்போ, உண்மையோ? நீ சொல்லுறதைச் சபை கேக்கும்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பேச்சியம்மாளும் பார்த்தாள். உண்மை என்ற ஒரு சொல் போதும். மணியத்தின் கைகள் கூப்பியபடியே இருந்தன. ஆனால் எனக்கு அம்மனில் நம்பிக்கை இல்லை. நான் படித்தவள், காரியதரிசி, தூணில் தொங்குவது என் கையெழுத்து. நம்பாத ஒன்றை எப்படி நம்புகிறேன் என்று சொல்வேன்? நடிப்பு என்று சொல்லவும் மனசு வரவில்லை. மிக நேர்மையாக இருப்பதாக நினைத்துக்கொண்டு ஒரு பதில் சொன்னேன்.

"எனக்குத் தெரியாது."

மணியத்தின் கைகள் பிரிந்தன. நேரே நடந்து வந்து, தனலெட்சுமியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். அவள் கையிலிருந்த வேப்பிலை வழியெல்லாம் உதிர்ந்தது. ஒருவரும் தடுக்கவில்லை.

அவளுக்கு இப்போது மூன்று பிள்ளைகள். கங்காணி வீட்டின் பின்பக்கத்தில்தான் இருக்கிறாள். அன்றைக்கு அப்புறம் அவள் நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேசி நான் கேட்டதில்லை. கடைத்தெருவில் என்னைக் கண்டால் என்னைத் தாண்டி எங்கோ பார்ப்பாள்.

பேச்சியம்மாள் அந்த வாரமே பெக்கோக் பக்கத் தோட்டத்துக்கு வேலை தேடிக் கிளம்பிவிட்டாள். ஒரு தகரப் பெட்டி, ஒரு பாய். மாட்டுவண்டிக்காகக் காத்துக்கொண்டு லயத்து முனையில் நின்றவளிடம் நான் ஓடினேன். "என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்தாள். உள்ளங்கையில் கற்பூரம் சுட்ட தழும்பு இன்னும் சொரசொரப்பாக இருந்தது.

"நீங்க கேட்டீங்கன்னு அன்னைக்கு நான் ஒரு பொய் சொன்னேன், சின்னம்மா" என்றாள். "அவளுக்காக நீங்களும் ஒண்ணு சொல்லியிருக்கலாம்."

வண்டி வந்ததும் பெட்டியைத் தானே தூக்கி வைத்துக்கொண்டு ஏறிப் போய்விட்டாள்.